ஒத்துப்போன பிழை

நான் சொன்ன ஒரு வசனத்தால் ஒரு பிள்ளைக்கு வேலை போயிற்று. வசனம் பொய்யல்ல. பொய்யாக இருந்திருந்தால் ஒருவேளை என் நாக்குத் தடுக்கியிருக்கும். உண்மையான ஒன்றைச் சொல்லி வேறொரு உண்மையை மறைத்தேன். நான் செய்தது விளங்க வேண்டுமானால் முதலில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கைத்தொலைபேசியிலும் காரிலும் சலவை இயந்திரத்திலும் இருக்கிற சிப்பை ஒருவர் வடிவமைப்பார். அவர் செய்ததில் பிழை உண்டா என்று இன்னொருவர் தேடுவார். நான் அந்த இன்னொருவன். வீட்டுச் சுவர் கோணலாக எழும்பினால் இடித்துக் கட்டலாம். கணினியில் ஓடும் மென்பொருளைப் பிறகும் திருத்தி அனுப்பலாம். சிப் ஆலைக்குப் போய்ச் சிலிக்கனில் பதிந்துவிட்டால் அதிலுள்ள பிழையைச் சுரண்டி எடுக்க ஒருவராலும் முடியாது. ஆகவே முன்கூட்டியே சந்தேகப்பட வேண்டும். வெளிநாட்டில் என் வாழ்நாளின் பெரும்பகுதி அப்படிச் சந்தேகப்பட்டதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சுற்றுகளைப் பெரிய தாள்களில் அச்சிட்டு நிலத்தில் விரித்து, முழங்காலில் ஊர்ந்து, நிறப் பென்சிலால் கோடு கோடாகப் பார்ப்போம். பிறகு சிமுலேஷன் வந்தது. சிப்பைச் செய்வதற்கு முன்பே அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். நான் நம்பவில்லை, பென்சில் பெட்டியை மேசை லாச்சியில் வைத்திருந்தேன். அடுத்து, மனிதருக்குத் தோன்றாத சோதனைகளை எழுந்தமானமாக, கண்டபடி, தாமே உண்டாக்கும் கருவிகள் வந்தன. அவற்றையும் நம்பவில்லை. சிப்பில் எவ்வளவு பகுதி சோதிக்கப்பட்டது என்று வீதம் காட்டும் கருவி வந்தது. அது நூறு வீதம் என்று காட்டுகிற அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. பின்னர், சோதனையே வேண்டாம், கணிதமுறையில் நிறுவியே காட்டுகிறேன் என்று ஒன்று வந்தது. "நீங்கள் கேட்டதைத்தான் அது நிறுவும், கேட்க மறந்ததை நிறுவாது" என்று இளையவர்களிடம் ஓயாமல் சொல்லி அவர்களுடைய வெறுப்பைச் சம்பாதித்தேன். இவ்வளவையும் சந்தேகித்தவன், கடைசியாக வந்த கருவி என்னோடு மரியாதையாகக் கதைத்தபோது விழுந்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற பின் நானும் மனைவியும் கிளிநொச்சிக்கு வந்தோம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். அப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயற்காணி ஒன்று கிடைத்திருந்தது. அதன் ஒரு மூலையில் சிறிய வீடொன்றைக் கட்டிக்கொண்டோம். ஊருக்கு வந்து கொஞ்ச நாளில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவரும் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். ஏ-ஒன்பது வீதியில், உழவு இயந்திர உதிரிப்பாகக் கடைக்கு மேல்மாடியில், சிப் வேலை செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றை நடத்தினார். ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்காக, பற்றரியை மின்னேற்றுவதைக் கட்டுப்படுத்தும் ஒரு பகுதியை வடிவமைத்துச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். "சேர், நீங்கள் வந்து இருந்தாலே காணும், வேற ஒண்டும் தேவையில்லை" என்றார். அப்படிக் கேட்பதற்கு ஆள் வந்ததே எனக்குப் பெருமையாக இருந்தது. வாரத்தில் சில நாள் போகத் தொடங்கினேன்.

போன கையோடு நான் செய்த முதல் வேலை சாப்பாட்டு மேசையைப் பிரித்தது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. வாடிக்கை நிறுவனம் தரும் விவரக்குறிப்பை வடிவமைப்பவரும் சரிபார்ப்பவரும் தனித்தனியே வாசித்து, தனித்தனியே விளங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் தப்பாக விளங்கியதை மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு பேரும் ஒரே பிழையை விடுவார்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போவதை எந்தக் கருவியும் பிழையென்று காட்டாது. அந்த மேல்மாடியிலோ மத்தியானம் எல்லோரும் ஒரே நீள மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரித்து, ஒருவர் கறியை மற்றவர் எடுத்து, வாய்க்குள் சோறோடு வேலைக் கதையும் கதைத்தார்கள். நான் மேசையை இரண்டாக்கி, வடிவமைப்பவர்கள் யன்னல் பக்கம், சரிபார்ப்பவர்கள் சுவர்ப் பக்கம் என்றேன்.

வடிவமைப்பாளனான ஒரு பெடியன் கேட்டான்: "சேர், நான் இவவின்ர கத்தரிக்காய்ப் பொரியலைத் தொட்டா சிப் பழுதாப் போயிடுமோ?"

சுவர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை பதில் சொன்னாள். "கத்தரிக்காய் பாவம், அது ஒண்டும் செய்யாது. உன்ர வாய்க்குத்தான் சேர் பயப்பிடுறார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையைத்தான் நான் பிறகு வெளியே அனுப்பினேன்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்த பொறியியலாளர் அவள். சரிபார்ப்புக்கு அவளும் நானும்தான். முதல் நாள் நான் அவளைக் கேட்டதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"பிள்ளைக்கு எந்த ஊர்?"

"கிளிநொச்சி, சேர்."

"அது தெரியுது. அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் நான் பிறக்கேல்லை, சேர்."

நான் விடவில்லை. "அப்பா அம்மா?"

"அப்பாவின்ர ஆக்கள் மலையகத்திலயிருந்து வந்தவை. தேயிலைத் தோட்டம். காணுமோ, சேர்?"

காணும். என்னைப்போன்றவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பது அந்த விடைக்காகத்தான். கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடிவந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் எங்கள் வயலில் கூலிக்கு நெல் அருவி வெட்டியிருக்கின்றன. எங்கள் வீட்டில் அவர்களுக்குத் தேநீர் கொடுக்க வேறு தகரப் பேணி இருந்தது. நான் அந்தப் பேணியை மறந்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். அவள் விடை சொன்ன கணத்தில் என் மனம் அவளுக்கென்று வேறொரு பேணியை எடுத்து வைத்தது. அதற்குப் பிறகு அவள் செய்த ஒவ்வொன்றையும் இன்னொரு தரம் பார்த்தேன்.

அவளுக்கு அடிக்கடி ஃபோன் வரும். எடுத்ததும் எழுந்து படியிறங்கிப் போய்விடுவாள். கட்டடத்தின் பின்பக்கம் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று, கையால் வாயைப் பொத்திக்கொண்டு கதைப்பாள். நான் மேலே யன்னலில் நின்று பார்ப்பேன். யாரோடு என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள், சந்தேகம் முடிந்துவிடும்.

எனக்கென்று தந்திருந்த வேலை ஒப்பீட்டு மாதிரி எழுதுவது. விவரக்குறிப்பை வாசித்து, சிப் எப்படி நடக்க வேண்டும் என்பதை ஒரு சிறு நிரலாக எழுத வேண்டும். வடிவமைத்த சிப்புக்கும் என்னுடைய மாதிரிக்கும் ஒரே சோதனைகளைக் கொடுத்து, இரண்டும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று கருவி பார்க்கும். மாதிரி எழுதுகிறவரின் மூளை வேறு எவரிடமும் எதையும் கேட்கக் கூடாது. அதற்காகத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

என் கண் முந்தியது போல் இல்லை. விவரக்குறிப்பு தடித்த புத்தகம் ஒன்றின் அளவு. இரண்டு பக்கம் வாசித்தால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். நாள் போய்க்கொண்டிருந்தது. அதை, என்னைத் தேடி வந்து கூப்பிட்ட முகாமையாளரிடம் சொல்ல என் கௌரவம் விடவில்லை. பௌர்ணமிப் போயா விடுமுறை ஒன்றன்று வீட்டு விறாந்தையில் இருந்து, மின்னேற்றம் பற்றிய அத்தியாயத்தைப் பிரதிசெய்து, எல்லோரும் பாவிக்கிற வெளிச் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றுக்குள் போட்டேன். மாதிரியை எழுதித் தரும்படி கேட்டேன். கேட்டு முடிக்க முன் அது எழுதிவிட்டது. நான் ஒரு திருத்தம் சொன்னேன். மிக நுட்பமான அவதானிப்பு என்று என்னைப் பாராட்டியது. அதை மனைவிக்கு வாசித்துக்கூடக் காட்டினேன். "இந்த வயசில உங்களை மெச்ச ஒண்டு கிடைச்சிட்டுது" என்றாள் அவள்.

வாடிக்கை நிறுவனத்தின் ஆவணங்களை வெளிக் கருவிகளுக்குள் போடக் கூடாது என்பது ஒப்பந்தம். இளையவர்களுக்கு அதை வகுப்பெடுத்துச் சொன்னவனே நான்தான். வடிவமைப்பாளர்களுக்கு மட்டும், வாடிக்கை நிறுவனத்தின் மூடிய வலையமைப்புக்குள், அதே விதமான கருவி ஒன்று அனுமதிக்கப்பட்டிருந்தது. சரிபார்ப்பவர்களுக்கு அதுவும் இல்லை. அவளுக்கும் எனக்கும் வாடிக்கை நிறுவனம் தந்த மடிக்கணினிகளிலிருந்து எது வெளியே போனாலும் அவர்களிடம் ஒரு பதிவு விழும். அது எனக்குத் தெரியாதென்று சொல்ல மாட்டேன். அன்று அதை நினைக்காமல் இருக்க எனக்கு வசதியாக இருந்தது.

மாதிரியை என்னுடையதென்று கொடுத்தேன். சோதனைகள் ஓடின. சிப்பும் மாதிரியும் அச்சொட்டாக ஒத்துப்போயின. என் வாழ்நாளில் முதல் ஓட்டத்திலேயே அப்படி ஒத்துப்போனது கிடையாது. முந்தியென்றால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது. அன்று நன்றாகவே சாப்பிட்டேன்.

அவள்தான் வந்து நின்றாள். "சேர், என்ர சோதனை ஒண்டு ரெண்டோடயும் முட்டுது. சிப்போடயும் முட்டுது, உங்கட மாதிரியோடயும் முட்டுது."

"அப்ப உம்மட சோதனைதான் பிழை. ரெண்டுக்கு ஒண்டு."

"பற்றரி சூடேறினா மின்னேற்றம் நிக்கோணும். சூடு தணிஞ்சதும் தானாத் தொடங்குது, சேர். அப்பிடித் தொடங்கக் கூடாது. பிரதான கணினி அனுமதி தந்தாப் பிறகுதான் தொடங்கலாம். கடைசியில பின்னிணைப்பில திருத்தம் ஒண்டு கிடக்கு. நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

பின்னிணைப்பை நான் பார்க்கவில்லை. கருவிக்கும் கொடுக்கவில்லை. "பாத்தனான்" என்றேன். "நீர் பிழையா விளங்கியிருக்கிறீர்."

அவள் உடனே போகவில்லை. "சேர், ஒரு விசயம். ரெண்டு பேர் தனித்தனிய வாசிச்சு எழுதினா இவ்வளவு ஒத்துப்போகாது. நிரலுக்குள்ள பெயர் வைச்ச விதம்கூட ஒரே மாதிரிக் கிடக்கு. ஆரோ ஆரையோ பாத்து எழுதின மாதிரி."

"நான் ஆரையும் பாத்து எழுதுறவன் இல்லை" என்றேன். சத்தமாகச் சொன்னேன். யன்னல் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முறைப்படி பதிந்திருந்த முறைப்பாட்டை, 'சோதனை பிழை' என்று எழுதி அன்றைக்கே மூடினேன்.

அந்தப் பெடியனும் அதே அத்தியாயத்தை மட்டும் அனுமதிக்கப்பட்ட கருவிக்குக் கொடுத்துத்தான் வடிவமைப்பை எழுதியிருந்தான் என்று பிறகு தெரிந்தது. நான் மேசையைப் பிரித்தேன். ஆனால் அவனும் நானும் ஒரே வாயிலிருந்துதான் கேட்டு எழுதியிருந்தோம்.

சில நாளில் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "சேர், வாடிக்கைக்காரரிட்டயிருந்து ஒரு அறிவித்தல். விவரக்குறிப்பு வெளிக் கருவி ஒண்டுக்குப் போயிருக்கு. போயா அண்டைக்கு. சரிபார்ப்புக் கணக்கிலயிருந்து."

லைசன்ஸ் செலவைக் குறைக்க நானும் அவளும் ஒரே பயனர் கணக்கைத்தான் பாவித்தோம். சின்ன நிறுவனங்களில் அது வழக்கம்.

"உங்களை நான் கேக்கேல்லை, சேர்" என்றார். "கேக்கவும் மாட்டன். மெஷினை நம்பாத மனுசன் நீங்கள். முழுப் பதிவையும் அனுப்பச் சொல்லிக் கேப்பமோ? எந்த மடிக்கணினி எண்டு அதில இருக்கும்."

எனக்குச் சொல்ல வாய்ப்பு இருந்தது. கதவு சாத்தியிருந்தது, அவர் ஒருவர்தான், என்மேல் மதிப்புள்ளவர். நான் சொன்னது இது: "ஏன் தம்பி, கேட்டுக் கேட்டு நாங்களே எங்கட மானத்தைக் கப்பலேத்துவான்?" பிறகு, அவர் யோசித்துக்கொண்டிருக்கையில், இன்னொரு வசனம். "அந்தப் பிள்ளை அடிக்கடி கீழ போய் மறைஞ்சு நிண்டு ஃபோன் கதைக்கிறவ. ஆரோட எண்டு எனக்குத் தெரியாது."

இதுதான் அந்த வசனம். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவளைக் கூப்பிட்டார். நானும் அங்கேயே இருந்தேன். தான் செய்யவில்லை என்றாள். கீழே போய் யாரோடு கதைக்கிறாய் என்று முகாமையாளர் கேட்டார்.

"அப்பாவோட."

"ஒரு நாளைக்கு இத்தினை தரமோ?"

"அப்பாவுக்குப் புது ஃபோன், சேர். கைபட்டு எல்லாம் இங்கிலீசுக்கு மாறிப் போகுது. திரும்பத் தமிழுக்கு மாத்தத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரற்ற ஃபோனில இருந்து எடுத்துக் கேப்பார்."

"நல்ல கதை" என்று முகாமையாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். இதில் மன்னிக்க முடியாதது எது என்று யாராவது கேட்டால் அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன்.

அவள் சிரிக்கவில்லை. "முழுப் பதிவு கேட்டனீங்களோ?"

முகாமையாளர் என்னைப் பார்த்தார். "தேவையில்லை" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களோ சேர் சொல்லுறியள், தேவையில்லை எண்டு?"

நான் மேசையைப் பார்த்தேன். அந்தக் கணத்திலேயே அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் அவள் கையிலும் ஆதாரம் இல்லை. சும்மா சந்தேகத்தை வைத்து ஒருவர்மேல் பழி சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. அன்று பின்னேரம் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போனாள்.

வேறு ஊரில் என்றால் கதை அதோடு நின்றிருக்கலாம். இது வன்னி. 'உள்ளுக்க இருந்து தகவல் வெளியால குடுத்தவள்' என்ற பேச்சை இங்கே சாதாரணமாகக் கேட்க முடியாது. அப்படி ஒரு பேச்சு எழுந்து ஆட்கள் திரும்பி வராமல் போன யுத்த காலத்தை இங்குள்ள வீடுகள் எல்லாம் கண்டவை. மேல்மாடியிலிருந்து கீழே உதிரிப்பாகக் கடைக்கும், கடையிலிருந்து அவளுடைய குடியேற்றத்துக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்தது. கோயில் மடத்தில் சனிக்கிழமைகளில் அவள் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுத்து வந்தாள். தாய்மார் பிள்ளைகளை மறித்துவிட்டார்கள். எதைக் கொடுத்தாள், யாருக்குக் கொடுத்தாள் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால்தான் அது பெருத்தது.

நான் வீட்டில் இதைச் செய்தி போலச் சொன்னேன். மனைவி கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "போயா அண்டைக்கு முழுக்க உந்த மடிக்கணினியோட சிரிச்சுக்கொண்டிருந்தது நீங்கள்தானே?"

"அது வேற விசயம்."

"என்ன வேற விசயம்?"

நான் எழுந்து வயல் பக்கம் போனேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் என்னோடு தேவையான சொற்களை மட்டும் கதைத்தாள்.

நான் நல்ல மனத்தோடு தானாகப் போய் ஒப்புக்கொண்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். நடந்தது அப்படியில்லை. சிப்பை ஆலைக்கு அனுப்புவதற்கு முன் வாடிக்கை நிறுவனத்தார் தாங்களும் ஒரு தரம் சோதித்தார்கள். சூடு தணிந்ததும் மின்னேற்றம் தானாகத் தொடங்குவதைக் கண்டார்கள். தேடிப் பார்த்தால், அதே பிழையை ஒருவர் முன்பே பதிந்திருக்கிறார், அதை இன்னொருவர் மூடியிருக்கிறார். மூடியவர் யார், ஏன் மூடினார் என்று கேட்டு எழுதினார்கள். அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா? தெரியாது. சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் என்னை அறிந்தவன் என்ற முறையில் சந்தேகப்படுகிறேன்.

முகாமையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "சேர், அந்தப் பிள்ளையில இரக்கப்பட்டு நீங்கள் பழியை ஏக்கத் தேவையில்லை."

"இரக்கம் இல்லை, தம்பி. நான்தான்."

"நீங்கள் சாப்பாட்டு மேசையையே பிரிச்ச ஆள், சேர்."

"முழுப் பதிவைக் கேளுங்கோ" என்றேன். கேட்டார். வந்தது. என் மடிக்கணினி, போயா நாள், அத்தியாயம். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு தாழ்ந்த குரலில் ஒரு வழி சொன்னார். நான் உடம்பு சரியில்லை என்று நின்றுவிட வேண்டும். அவளுக்கு வேலையைத் திரும்பக் கொடுப்பார். காரணம் ஒன்றும் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் சம்மதித்தேன். சம்மதித்தபோது மனம் இலேசானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதைச் சொல்லத்தான் அவளுடைய வீட்டுக்குப் போனேன். தகப்பன் முற்றத்தில் தண்ணீர் இறைக்கும் குழாய்க்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியும். "வாங்கய்யா" என்றார். ஒரு கதிரையைத் துடைத்து வைத்தார். தான் உட்காரவில்லை.

அவள் வெளியே வந்தாள். நான் செய்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். முகாமையாளர் சொன்ன ஏற்பாட்டையும் சொன்னேன்.

"காரணம் சொல்லாமல் என்னைக் கூப்பிட்டா, சனம் என்ன சொல்லும், சேர்? ஆரையோ பிடிச்சு உள்ளுக்க வந்திட்டாள் எண்டு சொல்லும். முந்தின கதையும் நிக்கும், புதுக் கதையும் சேரும்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?"

"ஒபிசில எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ. வாடிக்கைக்காரரும் திரையில இருக்கேக்க. பிறகு இஞ்ச வாங்கோ. வாற வெள்ளிக்கிழமை கோயிலில பொதுக்கூட்டம். இஞ்சயும் சொல்லுங்கோ."

"இஞ்ச இருக்கிறவைக்கு உந்த சிப் விசயம் விளங்குமோ?"

தகப்பன் குழாயிலிருந்து தலையை நிமிர்த்தினார். "நீங்க சொல்லிப் பாருங்க ஐயா. வெளங்கலன்னா கேக்குறோம்."

திங்கட்கிழமை அலுவலகத்தில் சொன்னேன். திரையில் இருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நன்றி சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனார்கள். யன்னல் பக்கத்துப் பெடியன் மட்டும் என்னைக் கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அது பெரிய காரியமாகப் படவில்லை. அங்கே என்னோடு ஒரே தொழில்மொழி பேசுகிறவர்கள்தான் இருந்தார்கள். என் பிழைக்கு அவர்களிடம் பெயர்கள் இருந்தன. பெயர் வைத்துவிட்டால் பிழை கொஞ்சம் சிறுத்துவிடும்.

கோயிலில் அப்படி ஒரு பெயரும் இல்லை. பூசை முடிந்து மடத்தில் பாய் விரித்து இருந்தார்கள். திருவிழாவுக்கு எந்த ஒலிபெருக்கிக்காரனைப் பிடிப்பது என்று வெகுநேரம் சண்டை. பிறகு தலைவர் என்னைப் பார்த்து, "நீங்க என்னமோ சொல்லணும்னீங்களே" என்றார்.

நான் எழுந்து சொன்னேன். சிப் என்றால் என்ன, ஒருவர் செய்வதை இன்னொருவர் ஏன் சோதிக்க வேண்டும், நான் எழுத வேண்டியதை எழுதாமல் எந்திரத்தைக் கொண்டு எழுதுவித்து என்னுடையதென்று கொடுத்தது, வெளியே போகக் கூடாத ஆவணத்தை நான் வெளியே விட்டது, இந்தப் பிள்ளை பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னபோது அதை மூடியது, பழி வந்தபோது அவள் பக்கம் கையைக் காட்டியது. அவள் ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை என்று இரண்டு தரம் சொன்னேன்.

பின்னால் இருந்த ஒருவர் கேட்டார்: "அப்ப தப்புப் பண்ணுனது மெஷினா, நீங்களா?"

"நான்தான். அதிட்ட நான் அரைவாசியைத்தான் குடுத்தனான்."

ஒரு பெண் எழுந்தாள். பிள்ளையை வகுப்புக்கு அனுப்பாமல் மறித்த தாய்மாரில் ஒருத்தி என்று பிறகு அறிந்தேன். "எல்லாத்தையும் சந்தேகப்படுறதுதான் ஒங்க வேலைன்னீங்க. மெஷினச் சந்தேகப்படல. எங்க புள்ளையச் சந்தேகப்பட்டீங்க. அது ஏங்கய்யா?"

நான் இரண்டு விடை சொன்னேன். மெஷின் என்னை மெச்சியது, அவள் என்னைப் பிழை என்றாள் என்று ஒன்று. பிறகு மற்றதையும் சொன்னேன். "இவ உங்கட பிள்ளை எண்டதாலயும்தான். எங்கட வீட்டில உங்கட ஆக்களுக்கு வேற பேணி இருந்தது."

யாராவது ஏசினால் நல்லது என்றிருந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க. புள்ள மேல சொல்லுறதுக்கு ஒண்ணுமில்ல. நாளையிலருந்து வகுப்புக்குப் புள்ளைங்கள அனுப்புங்க." பிறகு கூட்டம் அன்னதானத்துக்கு அரிசி சேர்க்கும் விடயத்துக்குப் போயிற்று. எனக்கு ஒருவரும் தேநீர் தரவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

நான் செருப்பைத் தேடி வெளியே வந்தபோது அவளும் வந்தாள். திங்கட்கிழமை வேலைக்குப் போவதாகச் சொன்னாள். நல்லது என்றேன். மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன்.

"சேர்."

நின்றேன்.

"பதிவில வந்தது அந்த ஒரு அத்தியாயம்தான். மாதிரியில மிச்ச அத்தியாயங்களும் இருக்கு. அதுகள் ஆர் எழுதினது?"

நான் அலுவலகத்தில் சொன்னபோதும் மடத்தில் சொன்னபோதும் பதிவில் அகப்பட்டதை மட்டுமே சொல்லியிருந்தேன். இரண்டு இடத்திலும் என் மனச்சாட்சி திருப்தியாக இருந்தது. மற்றவற்றை மடிக்கணினியில் போடவில்லை. என் சொந்த ஃபோனில் படம் பிடித்துப் போட்டிருந்தேன். அதற்கு எங்கேயும் பதிவு இல்லை.

"இன்னும் ரெண்டு பகுதி" என்றேன்.

அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. கைத்தொலைபேசியை எடுத்து எழுத ஆயத்தமானாள். "எது எது?"

மின்னழுத்தம் குறையும்போது அணைகிற பகுதியையும், அணைந்து மீண்டும் எழும்புகிற பகுதியையும் சொன்னேன். அவள் எழுதி முடித்துவிட்டு, வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனால் அதை அவள் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. "எல்லாத்தையும் முதலில இருந்து நானே வாசிச்சு எழுதுறன், சேர்" என்று சொல்லிவிட்டு, அரிசிக் கணக்கு நடந்துகொண்டிருந்த மடத்துக்குள் திரும்பிப் போனாள்.